சாங்ரோ ஆற்றுக் கல்

மழை இன்றைக்கே வந்துவிட்டால் நல்லது. வந்தால் தோண்டிப் போட்ட கிழங்கையெல்லாம் அள்ளிக்கொண்டு கொட்டகைக்கு ஓட வேண்டியிருக்கும். மண் உதிர்க்க, அடிபட்டதைப் பொறுக்க, பரப்பி வைக்க என்று இரண்டு நாள் போய்விடும். இரண்டு நாள் போனால் வியாழக்கிழமை போய்விடும். வியாழன் போய்விட்டால் பலகை எழுதுகிறவன் அவன் பாட்டுக்கு எழுதி முடித்துவிடுவான். அப்புறம் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். நானாக வேண்டாம் என்று சொன்னதாகவும் இருக்காது.

இப்படிக் கணக்குப் போட்டபடி ஹோஹிபேரா பல் வைத்த மண்வெட்டியைக் காலால் அழுத்திக்கொண்டே தெற்கே பார்த்தாள். கடலுக்கு மேல் வானம் ஈய நிறத்தில் கிடந்தது. ஆனால் காற்று இன்னும் திரும்பவில்லை. எங்கள் ஒனெமாருக் கரையில் தெற்குக் காற்று எழும்பினால் ஒரு மணி நேரத்தில் மழை. அது எழும்பாதவரை வானம் எவ்வளவு கறுத்தாலும் அது வெறும் மிரட்டல்தான்.

"நீ கெழங்கு தோண்டுறியா, மழைக்கு வேண்டிக்கிட்டு நிக்கிறியா?" என்றான் அவள் புருஷன் அனாரு. முதுகு வலியால் அவன் நின்று தோண்டுவதில்லை. இரண்டு வரிசை தள்ளி முட்டிபோட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்குவதுபோல ஒவ்வொரு சர்க்கரைவள்ளியாக இரண்டு கையாலும் எடுத்துப் பக்கத்தில் கிடத்திக்கொண்டிருந்தான்.

"நீ முட்டிபோட்டிருக்கறதப் பாத்தா நீதான் வேண்டிக்கிற மாதிரி இருக்கு."

"நான் வேண்டிக்கறது வேற. எம் பொண்டாட்டி அந்த உறையப் பிரிக்கணும்னு. ஒம்போது நாளாச்சு. உள்ள என்ன நண்டா இருக்கு, தொட்டா கடிக்கறதுக்கு?"

உறை சமையலறை இழுப்பறையில், பாத்திரம் துடைக்கும் துணிகளுக்கு அடியில் இருந்தது. ஒன்பது நாளாக அவள் துணி எடுக்கும்போதெல்லாம் மேலே இருப்பதை மட்டும் எடுத்தாள். மேலே எதுவும் இல்லாதபோது பாவாடையில் கை துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் அவளுடைய அப்பா ஹாமியோராவின் படைப் பதிவு இருந்தது. தலைநகரில் பழைய படைவீரர்களின் கோப்புகளை வைத்திருக்கிற அலுவலகத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஒனெமாருவிலிருந்து மாவோரிப் படைக்குப் போன முப்பத்திநாலு பேருக்கும் இப்படி ஒவ்வொரு உறை. ஊர்ப் பொது மன்றமான மராயின் சாப்பாட்டுக்கூடத்தில் இருக்கும் பழைய பெயர்ப்பலகை பூச்சி அரித்து விழப்போகிறது என்று புதிதாக ஒன்று செய்தபோது, இந்தத் தடவை ஞாபகத்தை வைத்து எழுதக் கூடாது, தாளைப் பார்த்து எழுத வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. கிஸ்போர்ன் நூலகத்தில் வேலை செய்கிற ரிபேகாதான் எல்லாருக்கும் விண்ணப்பம் எழுதினாள். அவள் ஹோஹிபேராவின் தம்பி மகள். தம்பி சிட்னியில். தாத்தாவின் கோப்புக்கு மட்டும் மூன்று தடவை எழுத வேண்டியிருந்தது. படையில் சேரும்போது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டதற்கு அவர் தன் அப்பாவின் பெயரைச் சொல்லியிருந்தார். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய பலகையில் ஹாமியோராவின் பெயர் கிடையாது.

யாரும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை. யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். உயிரோடு மிஞ்சிய மற்றவர்கள் எல்லாரும் நாற்பத்தாறு ஜனவரியில் ஒரே கப்பலில், ஒரே அழுகையும் பாட்டுமாக வந்து இறங்கினார்கள். ஹாமியோரா அதற்கு ஒன்றரை வருடம் முன்பாகவே, ஒரு மத்தியானம், பால் வண்டியில் ஏறித் தனியாக வந்தார். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. துப்பாக்கியின் குதிரையை இழுக்கிற விரல். அது மட்டும் இல்லாமல், மற்றபடி முழுதாக, கன்னம்கூடச் சற்றுப் பூசினாற்போல வந்தார். எப்படிப் போயிற்று என்று கேட்டவர்களுக்கு, "அது போச்சு" என்றார். ஊர் அதற்குமேல் கேட்கவில்லை. தானாகவே ஒரு பதிலை வைத்துக்கொண்டது.

ஹோஹிபேராவுக்கு அந்தப் பதில் பள்ளிக்கூடத்தில்தான் தெரியவந்தது. அவள் பெயரே அதற்கு வசதியாக இருந்தது. எங்கள் ஊரில் குழந்தை பிறக்கும்போது வீட்டில் என்ன நடக்கிறதோ அதைப் பெயராக வைப்பது உண்டு. நாற்பத்துநாலு ஜனவரியில் அவள் பிறந்த வாரம் தந்தி வந்தது, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக. ஹோஹிபேரா என்றால் ஆஸ்பத்திரி. 'ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி, உங்கப்பன் வெரல எலி கடிச்சிருச்சா, அவரே கடிச்சிக்கிட்டாரா' என்று ஒரு பாட்டே இருந்தது. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் கையைப் பார்த்தாள். மூன்று விரலால் அவர் உருளைக்கிழங்கின் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கலாம். அன்றைக்குக் கேட்காததை அவர் சாகும்வரை கேட்கவில்லை. செத்து இருபத்தாறு வருடம் ஆகிறது.

கேட்காமலிருந்தது மரியாதை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். உறை வந்த பிறகுதான் அது மரியாதை இல்லை என்று தெரிந்தது. அவளும் ஊர் வைத்திருந்த பதிலைத்தான் வைத்திருந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது.

"வந்துட்டான்யா. செவ்வாய்க்கெழம கரெக்டா செவ்வாய்க்கெழமையில வருது" என்றான் அனாரு.

தூரெய் என்றால் செவ்வாய். அவன் பிறந்த அன்று வீட்டில் வேறு விசேஷம் ஒன்றும் நடக்கவில்லைபோல. ஹோஹிபேராவுக்குச் சித்தப்பா மகன். மராய்க் கமிட்டியின் தலைவன். வண்டியை விட்டு இறங்காமல் கதவுக்கு வெளியே முழங்கையைப் போட்டுக்கொண்டு கூப்பிட்டான்.

"ஹோஹி! கெழங்கு எப்படி?"

"கெழங்கு கெழங்காத்தான் இருக்கு. கேக்க வந்ததக் கேளு."

"நான் என்ன கேக்கப் போறேன். பலகக்காரன் போன் பண்ணிட்டான். முப்பத்திமூணு பேரு முடிச்சிட்டானாம். சண்டையில காயம்பட்டவங்க பேருக்குப் பக்கத்துல ஒரு சின்ன இலை, செத்தவங்களுக்கு சிலுவை. நல்லாத்தான் வந்திருக்காம். ஒரு எடம் காலியா விட்டு வச்சிருக்கான்."

"விட்டு வைக்கட்டும்."

"எத்தன நாளைக்கு? சனிக்கெழம அன்சாக், படைக்காரங்க நினைவு நாள். திரை விலக்கணும், நூறு பேருக்குச் சாப்பாடு, பழைய படைக்காரர் நெஹே பெரியப்பா பேர் வாசிக்கறாரு. வியாழக்கெழமக்குள்ள சொல்லிடு தாயே. இலை உண்டா, இலை இல்லாம பேர் மட்டுமா, இல்ல…" அவன் வண்டியின் ஸ்டியரிங்கைத் தடவினான். "இல்ல, பேரே வேணாமான்னு."

"ஏன் வேணாங்கறே?" என்றான் அனாரு, முட்டிபோட்டபடியே.

"நான் வேணாங்கல மாமா. அவ வேணாம்னா வேணாம். கட்டாயம் இல்லேன்னு சொல்ல வந்தேன். தாள்ல எதுவும் ஒரு மாதிரியா இருந்தா, யாரும் கேக்கப் போறதில்ல. பழசப் போலவே போயிரும்."

அவன் நல்லபடியாகத்தான் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது. 'ஒரு மாதிரியா' என்று ஒருவன் இவ்வளவு மென்மையாகச் சொல்வதற்கு, அவன் வீட்டில் அறுபது வருடம் அது பேசப்பட்டிருக்க வேண்டும்.

வண்டி போன பிறகு இருவரும் அடுத்த வரிசையைத் தொடங்கினார்கள். பாதி வரிசையில் அவள் காதுக்குப் பின்னால் குளிர்ந்தது. காற்று திரும்பிவிட்டது.

*

மூன்று மணிப் பேருந்தில் ரிபேகா வந்தபோது அவர்கள் கடைசிக் கூடைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நகரத்துக் காலணியோடு அவளும் சேற்றில் இறங்கிவிட்டாள். கூரைத் தகரத்தில் முதல் துளிகள் விழ, கடைசிக் கூடையும் கொட்டகைக்குள் வந்து சேர்ந்தது. பிறகு மழை கொட்டியது. பேசினால் கேட்காத அளவுக்குக் கொட்டி, கொஞ்சம் தணிந்து, ஒரே சீராகப் பெய்தது.

ஹோஹிபேரா துணியால் தலையைத் துவட்டிக்கொண்டாள். சமையலறைத் துணி. கொட்டகைக்கு ஓடும் வழியில் வீட்டுக்குள் நுழைந்து இழுப்பறையிலிருந்து வாரி எடுத்தது. அவற்றோடு அதுவும் வந்திருந்தது.

"இந்தா" என்று உறையை ரிபேகாவிடம் நீட்டினாள்.

"நீங்க பிரிக்கலியா அத்தை? படிச்சிருப்பீங்க, சொல்ல மனசில்லாம இருக்கீங்கன்னுல்ல நான் நெனச்சேன்!"

"நீ படி. நான் கெழங்கு பாக்கறேன். நல்லது கெட்டது எதையும் வடிகட்டாதே. அதுல என்ன இருக்கோ அத."

கிழங்கு பார்ப்பது எங்கள் ஊரில் கண் வேலை இல்லை, கை வேலை. தோலில் ஒரு கீறல் இருந்தாலும் அந்தக் கிழங்கு குவியலுக்குப் போகக் கூடாது. ஒன்று அழுகினால் குளிர்காலத்துக்குள் கூடை முழுக்க அழுகிவிடும். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் தடவி, நல்லதை இடது பக்கம் வைத்தாள். கீறியதை வலது பக்கம்.

ரிபேகா கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து உறையைக் கிழித்தாள்.

"முதல் தாள், சேர்ந்தப்போ எழுதினது. வயசு இருபத்திரண்டு. ஒசரம் அஞ்சடி ஒம்போது. தொழில், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கறது. பல்லு…" அவள் நிறுத்தினாள். "பல்லு மோசம்னு எழுதியிருக்கான்."

"அது உண்மதான். மாமனார் பல்ல நானும் பாத்திருக்கேன்" என்றான் அனாரு.

"ரெண்டாவது, நடத்தைத் தாள். குடிச்சது, லீவு முடிஞ்சும் வராதது, அதெல்லாம் எழுதற எடம்." அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்ல மாமா. காலி."

"காலியா? ஒனெமாருக்காரனுக்கா? அப்போ வேற எவனோட கோப்பையோ குடுத்துட்டான். திருப்பி அனுப்பு."

ஹோஹிபேரா சிரிக்கவில்லை. வலது பக்கம் வைக்க வேண்டிய ஒன்றை இடது பக்கம் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தாள்.

"இது மருத்துவத் தாள். இருபத்தஞ்சு, பன்னண்டு, நாப்பத்திமூணு. வலது கை. தீக்காயம், கிழிசல், ரெண்டு வெரல் போயிருச்சு." ரிபேகாவின் குரல் தணிந்தது. "பக்கத்துல 'சண்டையில பட்ட காயம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல குறி இல்ல. 'மற்றவை'ங்கற கட்டத்துலதான் குறி."

ஹோஹிபேரா கூடையிலிருந்து அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"மேல படி" என்றாள்.

"இன்னும் மூணு தாள் இருக்கு அத்தை. தட்டச்சு பண்ணது. விசாரணைன்னு போட்டிருக்கு. மூணு அதிகாரிங்க உக்காந்து…"

"படி."

அவள் கையில் அப்போது இருந்த கிழங்கு பெரியது, முழுசு. அதை எந்தப் பக்கமும் வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சரி, என்று நினைத்தாள். வீடு திரும்புவதற்காக அவரே சுட்டுக்கொண்டார் என்றால் சுட்டுக்கொண்டார். இருபத்துநாலு வயது. பிறக்கப் போகிற பிள்ளை ஒன்று வீட்டில். நானும் சுட்டுக்கொண்டிருப்பேன். இதை நான் அவரிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் விட்டுவிட்டேன்.

"வாக்குமூலம் ஒண்ணு. படைவீரர் ஹாமியோரா." ரிபேகா தொண்டையைச் செருமிக்கொண்டு தாளில் இருந்தபடியே வாசித்தாள். "'கிறிஸ்துமஸ் அன்று எங்கள் பிரிவுக்கு ஹாங்கி என்னும் குழிச் சமையல் செய்யும்படி எனக்கு உத்தரவு. பன்றி ஒரு விவசாயியிடமிருந்து முறைப்படி வாங்கப்பட்டது…'"

"முறைப்படி!" என்று அனாரு கத்தினான்.

"சும்மா இருங்க மாமா. 'குழி தோண்டி, விறகு அடுக்கி, மேலே கற்களை வைத்து மூட்டினோம். அந்தப் பகுதியில் எங்கள் ஊர்க் கற்களைப்போல எரிமலைக் கல் கிடைக்காது. கற்களை நான்தான் எடுத்தேன். சாங்ரோ ஆற்றுப் படுகையிலிருந்து. கற்கள் சூடேறியபோது வெடித்தன. நான் கிளறிக்கொண்டிருந்தேன். வேறு யாருக்கும் அடியில்லை. பன்றிக்கும் சேதமில்லை.'"

ரிபேகா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அது இன்னும் புரிந்ததாகத் தெரியவில்லை. நகரத்தில் வளர்ந்தவள்.

"ஆத்துக் கல்லா?" என்றாள் ஹோஹிபேரா மெதுவாக.

"ஆத்துக் கல்லு" என்றான் அனாரு. "ஈரக் கல்லு! டிசம்பர் மாசம், அங்க குளிர்காலம், தண்ணி குடிச்சுக் குடிச்சு ஊறிக் கெடந்த ஆத்துக் கல்லத் தூக்கி நெருப்புல வச்சிருக்காரு! ஒனெமாருக்காரரு!"

அவன் கிழங்குக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டான். முதலில் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கூரைத் தகரத்தையும் மீறிக் கேட்டது. எங்கள் மராயில் சமையல் குழிக்குப் போடும் கற்கள் டாவ்போ ஏரிப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் மாட்டுவண்டியில் வந்தவை. அவற்றுக்கென்று தனிக் கூரை உண்டு. மழை படாது. நனைந்த கல்லையோ ஆற்றுக் கல்லையோ நெருப்பில் வைக்கக் கூடாது என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"இதுக்குத்தான் வாயத் தொறக்கல மனுஷன்! கல்லு தெரியாதவன்னு பேர் வாங்கறதுக்கு, வெரலச் சுட்டுக்கிட்டவன்னே நெனச்சுக்கட்டும்னு விட்டிருக்காரு. நானா இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பேன். சுட்டுக்கிட்டவன ஊரு மறந்துரும். ஹாங்கிய வெடிக்க வச்சவன மூணு தலமொறைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்ல!"

"இன்னும் இருக்கு, கேளுங்க" என்றாள் ரிபேகா. இப்போது அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். "வாக்குமூலம் ரெண்டு, நெஹே தாத்தாது. 'நான் விறகு வெட்டிக்கொண்டிருந்தேன். எதையும் பார்க்கவில்லை.' அவ்வளவுதான். அப்புறம் தீர்ப்பு. ஒரே வரி. 'கடமையில் இருந்தார். அவர்மீது குற்றமில்லை.'"

"திரும்பப் படி."

"'கடமையில் இருந்தார். அவர்மீது குற்றமில்லை.' கீழ மூணு கையெழுத்து."

ஹோஹிபேரா கிழங்கைப் பார்த்தாள். இடது பக்கம் வைத்தாள். அப்பா ஹாங்கிக் குழியருகே வரவே மாட்டார் என்பதும், பெண்களோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவுவார் என்பதும் ஊரறிந்தது. வெட்கம் என்றார்கள். ஆனால் குழி மூட்டுவதற்கு முன்னால், யாரும் கவனிக்காதபோது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் கற்களை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். சில நாள் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, முகர்ந்து பார்த்து, ஓடைப் பக்கம் வீசிவிட்டுப் போவார். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்தும், தன்பாட்டுக்கு ஏதோ செய்கிறார் என்று விட்டிருக்கிறாள்.

சிரிப்பு அவளுக்கு வயிற்றிலிருந்து வந்தது. வந்து, பாதியில் அழுகையாகி, திரும்பவும் சிரிப்பாயிற்று. ரிபேகா வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை? அத்தை, நல்லாத்தானே இருக்கீங்க?"

"பசிக்குது" என்றாள் ஹோஹிபேரா. "பசி உயிர் போகுது. எத்தன நாளாச்சு நான் சாப்பிட்டு."

"ரெண்டு மணிக்குத்தான் நாலு துண்டு ரொட்டி சாப்பிட்டே" என்றான் அனாரு.

"அது சாப்பாடா?"

வலது பக்கத்துக் கீறல் கிழங்குகளை மடியில் அள்ளிக்கொண்டு அவள் மழையில் நடந்தே வீட்டுக்குப் போனாள், ஓடவில்லை. பன்றி எலும்பைப் பூஹாக் கீரையோடு கொதிக்க வைத்தாள். மாவைப் பிசைந்து எண்ணெயில் பொரித்தாள். ரொட்டி உப்பி வரும் சத்தம் அவளுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு காதில் விழுவதுபோல இருந்தது. தூரெய்க்கு ரிபேகாதான் போன் செய்தாள். ஆற்றுக் கல் என்றதும் அவனும் சிரித்தது சமையலறைவரைக்கும் கேட்டது.

"விபத்துன்னா இலை கெடையாதாம் அத்தை. பேர் மட்டும் எழுதச் சொல்றேங்கறாரு. சரியா?"

"பேர் போதும்" என்றாள் ஹோஹிபேரா, வாயில் ரொட்டியோடு. "பேர் ரொம்பப் போதும்."

*

மறுநாள் வெயில் சுத்தமாக இருந்தது. கொட்டகைக் கதவைத் திறந்துவைத்து, கிழங்குகளை மரத்தட்டுகளில் பரப்பிக் காற்றாடவிட்டாள். ரிபேகா காலைப் பேருந்தில் போய்விட்டாள். அனாரு வலையைப் பார்க்கப் போயிருந்தான்.

பதினொரு மணிக்கு நெஹே வந்தார். எண்பத்தேழு வயது. பிள்ளைகள் வண்டிச் சாவியைப் பிடுங்கிவைத்துவிட்டதால், ஆடு மேய்க்கிற நாலு சக்கர பைக்கில் ஊருக்குள் நடை வேகத்தில் சுற்றுவார். முப்பத்திநாலு பேரில் மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான்.

"நல்ல கெழங்கு" என்றார், தட்டுகளைப் பார்த்து.

"மழைக்கு முன்னாடி எடுத்துட்டோம் பெரியப்பா. உக்காருங்க. டீ போடறேன்."

"வேணாம் மவளே. எறங்கினா ஏற முடியாது." அவர் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார். சுவாசத்தில் லேசாகச் சீழ்க்கை. "தூரெய் காலையில வந்தான். சிரிச்சிக்கிட்டே வந்தான். ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். நாங்களும் ராத்திரி பூரா சிரிச்சோம்."

"எம் பேரும் அதுல இருக்காமே."

"இருக்கு. வெறகு வெட்டினீங்க, ஒண்ணும் பாக்கலன்னு."

அவர் தலையை ஆட்டினார். கடல் பக்கம் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"வெறகு வெட்டல" என்றார். "கல்லு எடுக்கப் போனது நான். மலைக்குப் போய்ப் பொறுக்கிட்டு வாடான்னு உங்கப்பன்தான் அனுப்பினான். குளிரு, தூரம் வேற. ஆறு பக்கத்துல இருந்துச்சு. சாக்குல அள்ளிட்டு வந்துட்டேன். அவன் பாத்தான். இது ஆத்துக் கல்லுடா, வேணாம்னான். மலைக் கல்லுதான்னு சத்தியம் பண்ணேன். நம்பினான்."

ஹோஹிபேரா கையிலிருந்த தட்டை இறக்கி வைத்தாள்.

"எம் மேல ஏற்கெனவே ரெண்டு வழக்கு. பன்னி திருடின வழக்கு. மூணாவது விழுந்தா சங்கிலி போட்டுருவான். கையில கட்டோட படுத்துக்கிட்டு, அதிகாரி வர்றதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொன்னான், நீ வெறகு வெட்டினே, ஒண்ணும் பாக்கலன்னு. சரின்னேன். ஊருக்கு வந்தேன். ஊரு வேற பேசிட்டிருந்துச்சு. அவங்கிட்டப் போயி, சொல்லிடட்டுமான்னு கேட்டேன். விட்றா, எனக்கு இங்க ஒண்ணும் வலிக்கலன்னான்." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஒரு தடவதான் கேட்டேன். ரெண்டாந் தடவ கேட்டிருக்கணும்."

அவளுக்கு முதலில் வந்தது கோபம். அது வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் அந்தப் பாட்டைப் பாடினவர்களில் இவருடைய மகனும் ஒருவன். சாலையில் இவர் குதிரையில் போவார். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவார். அப்பா செத்தபோது, உடலை மராயில் வைத்திருந்த மூன்று நாளும், பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்த ஒரே படைக்காரர் இவர்தான். கருணை என்று நினைத்து நன்றி சொல்லியிருக்கிறாள். அந்த நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். முடியவில்லை. கொடுத்தது கொடுத்ததாகவே இருந்தது.

கோபம் நிற்காமல் வடிந்துபோனது. நேற்று வந்த நிம்மதி இன்னும் உடம்பில் இருந்தது. அதைக் கலைத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை. விரல் போன அன்றைக்கு, கட்டுப் போட்ட கையோடு, இன்னொருவனுக்காக யோசித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். அவரைப் பற்றி அவளுக்கு நேற்றுவரை ஒன்றுமே தெரியாது.

"சனிக்கெழம பேர் வாசிக்கறப்ப சொல்லிடறேன்" என்றார் நெஹே. "எல்லாரும் இருப்பாங்க. கல்லு நான் எடுத்தேன்னு சொல்லிட்டுத்தான் அவன் பேர வாசிப்பேன். உங்கிட்டக் கேக்காம சொல்லக் கூடாது. அதான் வந்தேன். சரின்னு ஒரு வார்த்த சொல்லு."

கொட்டகைக்குள் வெயில் தட்டுகளின்மேல் கிடந்தது. அவள் ஒரு கிழங்கைத் திருப்பி வைத்தாள்.

"தாள்ல அப்பா கையெழுத்து இருக்கு பெரியப்பா. மூணு வெரல்ல போட்டது, கோணல்மாணலா இருக்கு. 'கற்களை நான்தான் எடுத்தேன்'னு."

"அது எனக்காகச் சொன்னது."

"தெரியுது. நீங்க எழுந்து நின்னு அப்படி இல்லேன்னு சொன்னா, அவர் பொய்க் கையெழுத்துப் போட்டவராயிருவாரு."

"நான் இதோட சாகணுமா, மவளே?"

அவள் அவரைப் பார்த்தாள். கண்ணோரம் ஈரமாக இருந்தது. வயதானதால் இருக்கலாம். பைக்கின் கைப்பிடியைப் பிடித்திருந்த கைகளில் பத்து விரலும் இருந்தன.

"எங்கிட்டச் சொல்லிட்டீங்க" என்றாள். "எனக்குத் தெரியும் இப்ப."

"அது போதாது. கேக்கறேன் இல்ல? சரின்னு சொல்லு."

"இல்ல பெரியப்பா" என்றாள் ஹோஹிபேரா. குரல் உயரவில்லை. "பேர மட்டும் வாசிங்க."